மொய் விருந்துக்கு வந்தவர்களுக்கும் வராமல் அனுப்பியவர்களுக்கும்

அன்புள்ள ஐயா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். விருந்து முடிந்து பத்து நாள் ஆகிறது. பந்தல் பிரித்தாகிவிட்டது. பாத்திரக் கடைக்குக் கணக்குத் தீர்த்தாகிவிட்டது. மொய் நோட்டை இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டி, வங்கியில் கட்டிய தொகையோடு ஒத்துப் பார்த்தாகிவிட்டது. முதல் தடவை 500 ரூபாய் உதைத்தது. மேசை இழுப்பறையைத் துழாவினால், ஒரு மொய்க் கவர் உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தது. இப்போது கணக்கு சரி. இனி நன்றி சொல்லலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. போன விருந்து முடிந்ததும் நோட்டீஸ் அடித்து எல்லார் பெயரையும் போட்டோம். வாசலுக்கு இரண்டு வாழைமரம் வெட்டிக் கொடுத்தவர் பெயர் மட்டும் விட்டுப்போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டு அத்தை என்னைப் பார்த்தால் மூன்று மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இந்தத் தடவையும் அந்த வாழை அவர் தோப்பிலிருந்துதான் வந்தது. அத்தை, இந்த வரி உங்களுக்கு.

மடலை வெளியூர் ஆட்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. புற்றுநோய், பக்கவாதம், முதுமை என்று எழுந்திருக்க முடியாதவர்களுக்குப் புண் சுத்தம் செய்வது, யூரின் டியூப் மாற்றுவது, காற்று மெத்தை கொடுப்பது, பார்த்துக்கொள்ளும் வீட்டு ஆட்களுக்குப் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லிக்கொடுப்பது, இவைதான் வேலை. ‘அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்தே வீட்டுக்கு வருகிறதே, நீங்கள் எதற்கு?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தத் திட்டத்தில் வரும் சகோதரிகளோடு பேசிவைத்துக்கொண்டுதான் நாங்களும் போகிறோம். அவர்களுக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் நிறைய. இரவு பத்து மணிக்கு மெத்தைக்குக் காற்று அடிக்கும் மோட்டார் நின்றுபோனால் யாராவது ஓட வேண்டும். அந்த ஓட்டம் எங்களுடையது.

மொய் விருந்து எங்கள் பக்கத்து வழக்கம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் இருக்கும் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி பிறந்தால் ரோட்டோரம் முழுக்க விருந்து பிளெக்ஸ்தான். கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷமும் இல்லாமல், மொய்க்காகவே போடும் விருந்து. செலவு தாங்காது என்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் போடுவதும் உண்டு. ஆட்டுக்கறிச் சாப்பாடு, ஊர்வாரியாக மொய் எழுதும் மேசைகள், பணம் எண்ணும் மெஷின் என்று திமிலோகப்படும். வந்த மொய்யைக் கொண்டு கிணறு வெட்டுவார்கள், கடை போடுவார்கள், பிள்ளையைப் படிக்கவைப்பார்கள். மொய் செய்தவர் தன் வீட்டில் விருந்து போடும்போது, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரமும் கிடையாது, வட்டிக் கணக்கும் கிடையாது. நோட்டு ஒன்றுதான் சாட்சி.

நாங்கள் அதில் நோட்டை எடுத்துக்கொண்டோம், கடனை விட்டுவிட்டோம். முதல் விருந்திலேயே ஒரு பெரியவர் 2,000 ரூபாயை எழுதிவிட்டு, “என் மொய்யை எப்போ திருப்பிச் செய்வீங்க?” என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போனது. பின்னால் வரிசையில் நின்றவர்தான் பதில் சொன்னார். “இவுங்க செய்யுற மொய் நம்ம வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாதுன்னு வேண்டிக்க மாமா.” வரிசையே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். இந்த வருடமும் இருவரும் முன்னும் பின்னுமாகத்தான் வந்து நின்றார்கள்.

விருந்து வைத்துப் பணம் திரட்டலாம் என்பது எங்களுக்குத் தோன்றியதே திட்டு மாதிரி ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான். ஆரம்ப வருடங்களில் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். கொடுப்பார்கள். அடுத்த வருடம் போனால் பாதிப் பேர் கொடுப்பார்கள். அதற்கடுத்த வருடம் கதவு திறக்காது. ஊரில் ஈரம் குறைந்துவிட்டது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். எங்களுக்குத்தான் புத்தி குறைவு. கஜா புயலில் அது உறைத்தது.

2018 நவம்பர் 16. எங்கள் நன்கொடையாளர்களில் பெரும்பாலோர் தென்னை விவசாயிகள். ஒரே ராத்திரியில் தோப்பு தோப்பாக மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அந்த டிசம்பரில் வசூலுக்குப் போவதாக இருந்தோம். எந்த முகத்தோடு போவது? ரசீதுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, பழைய நோட்டில் இருந்த முகவரிகளுக்குச் சும்மா போனோம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டோம். விழுந்த மரத்தை அறுக்க ஆள் தேடியவர்களுக்கு ஆள் சொல்லிவிட்டோம். ஒரு தோப்பில் அம்மா ஒருவர் சாய்ந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், “இன்னிக்குக் கொடுக்க ஒண்ணுமில்லையேப்பா” என்றார். கேட்க வரவில்லை அம்மா, பார்க்கத்தான் வந்தோம் என்றோம். “பார்க்கவா? நாலு வருஷத்துல இதுதான் முதல் தடவை” என்றார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் கொடுப்பதை நிறுத்திவிட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து ஏன் என்று கேட்கத் தொடங்கினோம். பணம் இல்லை என்று சொன்னவர்கள் சிலர்தான். “போன வருஷம் மூணு தடவை கூப்பிட்டீங்க, மூணும் பணத்துக்கு” என்றார் ஒருவர். “நான் கொடுத்த மெத்தை யாருக்குப் போச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியாது” என்றார் இன்னொருவர். அந்த இருவருக்கும் இந்த மடலில் பெரிய நன்றி. இன்று நாங்கள் செய்கிற ஒழுங்கான காரியங்களில் பாதி அந்த இரண்டு போன்களில் கிடைத்தவை.

கோழிக்கோட்டுக்கும் ஒருமுறை போய்வந்தோம். வலி தணிக்கும் சிகிச்சையை 1993-ல் அங்கே தொடங்கியவர்கள் அதை டாக்டர்கள் கையில் மட்டும் விடாமல் ஊரார் கையில் கொடுத்ததால்தான் கேரளம் முழுக்க வேர்விட்டது. கடைக்காரர், மாணவர், கூலி வேலை செய்பவர் என்று ஆளாளுக்குச் சின்னச் சின்னத் தொகை. பெரிய மனிதர் ஒருவர் கைவிட்டால் படுத்துவிடும் ஏற்பாடாக அது இல்லை. அதைப் பார்த்து வந்து எங்கள் ஊருக்கு எது ஒட்டும் என்று யோசித்தபோதுதான் மொய் விருந்து ஞாபகம் வந்தது. நடுவில் கொரோனா வந்து எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது.

முதல் விருந்தைப் பற்றி அதிகம் சொல்லக் கூடாது. செலவைக் குறைக்கிறோம் என்று சைவச் சாப்பாடு போட்டோம். “மொய் விருந்துன்னு கூப்பிட்டுட்டு சாம்பாரா?” என்று பந்தியிலேயே கேட்டுவிட்டார்கள். வந்த மொய்யில் கிட்டத்தட்ட பாதி பந்தலுக்கும் சமையலுக்கும் போனது. இந்த வருடம் கறி. ஆடுகள் நன்கொடை, அரிசி நன்கொடை, விறகு நன்கொடை, இலை நன்கொடை. கையிலிருந்து போனது பாத்திர வாடகையும் மசாலாவும்தான். சமையல் மாஸ்டர் கூலியே வேண்டாம் என்றார். உதவியாளர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்றார். மூன்றாவது பந்தியில் சோறு குறையும்போல இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் தனியாக இன்னொரு உலை ஏற்றிவைத்திருந்தார். அனுபவம் என்பது அதுதான். அந்த ஐந்து நிமிடம் எனக்கு மட்டும் வேர்த்தது.

பந்தல் வாசலில் நோயாளிகளின் படங்களை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பார்த்தால் மனம் இளகும், கை தாராளமாகும் என்றார்கள். வேண்டாம் என்று மறுத்தது எங்கள் நர்ஸ் அக்கா. “நாளைக்கு அவுங்க வீட்டுக்குள்ள நான்தான் போகணும்” என்றார். அதற்குப் பதிலாக ஒரு காற்று மெத்தையை விரித்து மோட்டாரை ஓடவிட்டோம். பிள்ளைகள் விழுந்து புரண்டார்கள். பெரியவர்கள் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். ஓர் அறை உப்பும்போது பக்கத்து அறை வடிகிறது. உடம்பின் ஒரே இடத்தில் பாரம் தங்காமல் பார்த்துக்கொள்வதால் படுக்கைப் புண் வருவது குறைகிறது என்று அக்கா ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

அந்த மெத்தையோடு ஒரு நாற்பது பக்க நோட்டு நூலில் கட்டித் தொங்கும். எங்களிடம் இருக்கும் ஒவ்வொரு மெத்தைக்கும் அப்படி ஒன்று உண்டு. எந்தத் தேதியில் எந்த ஊருக்குப் போனது, எப்போது திரும்பியது, எத்தனை தடவை மோட்டார் பழுது பார்த்தது என்று இருக்கும். நோயாளி பெயர் இருக்காது. முதல் பக்கத்தில் வாங்கிக் கொடுத்தவர் பெயர். ‘நான் கொடுத்த மெத்தை யாருக்குப் போச்சு’ என்று கேட்டாரே, அவர் விருந்துக்கு வந்திருந்தார். அவருடைய மெத்தையின் நோட்டைக் கையில் கொடுத்தோம். ஏழு ஊர்கள். நின்றுகொண்டே கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டிப் படித்தார். ஐந்தாவது ஊரில் விரல் நின்றது. அது அவர் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். யார் வீடு என்று கேட்பார் என நினைத்தேன், கேட்கவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மொய்த் தொகையை மைக்கில் சொல்வதா வேண்டாமா என்று குழுவில் பெரிய சண்டை. சொன்னால்தான் போட்டி போட்டுக்கொண்டு எழுதுவார்கள் என்றது ஒரு கட்சி. ஐம்பது ரூபாயோடு வருகிறவர் வாசலோடு திரும்பிவிடுவார் என்றது இன்னொரு கட்சி. கடைசியில் ஊர்ப் பெயரோடு ஆள் பெயரை மட்டும் வாசித்தோம். இதனால் தொகை குறைந்திருக்கலாம். வரிசை குறையவில்லை. அடுத்த வருடமும் இப்படித்தான் செய்வேன், கட்சி கட்டியவர்கள் மன்னிக்கவும்.

பெரிய தொகைகளுக்கு ஏலம். இந்த யோசனையும் நர்ஸ் அக்காவுடையதே. அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். அங்கே கிறிஸ்தவக் கோயில்களில் அறுப்பின் பண்டிகைக்குக் கோழி, பூசணிக்காய், வாழைத்தார் என்று காணிக்கையாக வந்ததை ஏலம் விடுவார்கள். ஒரு முட்டைகூட ஊர் சிரிக்கும் விலைக்குப் போகும், எடுத்தவரே திரும்பவும் ஏலத்துக்கு விடுவார். எங்களுக்கு ஏலத்துக்கு வந்தது ஒரு தேங்காய்க் குலை. கஜாவில் தோப்பை இழந்து, மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாரே, அந்த அம்மா கொண்டுவந்தது. மறு வருடம் வைத்த தென்னம்பிள்ளையில் காய்த்த முதல் குலை. முதல் காயைக் கோயிலுக்குக் கொடுக்காமல் இங்கே கொண்டுவந்ததற்கு வீட்டில் பேச்சு வாங்கியதாகவும் சொன்னார். குலை மூன்று முறை கைமாறியது. முதலில் எடுத்தவர் திருப்பிக் கொடுத்தார், இரண்டாவது எடுத்தவரும் கொடுத்தார். மூன்றாவதாக டீக்கடை அண்ணனும் அவர் கடைப் பெஞ்சுக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து எடுத்தார்கள். நான்காம் முறைக்கு விடவில்லை. மறுநாள் காலை கடையில் அதுதான் தேங்காய்ச் சட்னி. காசு வாங்கவில்லையாம்.

சில பேரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட ஒரு தம்பி நல்ல தொகை அனுப்புவதாகச் சொன்னான். வேண்டாம் என்றோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் சிக்கலில்லை. வெளிநாட்டுக் குடிமகன் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பணம், அதற்குத் தனி அனுமதி வேண்டும், எங்களிடம் அது இல்லை. பிறந்த ஊர் இதுதானே அண்ணே என்று கேட்டான். சட்டத்துக்கு அது தெரியாது தம்பி. விருந்துக்கு லீவு போட்டு வந்து மூன்று பந்திக்கும் குழம்பு வாளி தூக்கினான். அதற்கு அனுமதி தேவைப்படவில்லை.

வருமான வரிச் சலுகைக்காக 80ஜி ரசீது கேட்டவர்களுக்கு: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வரிச்சலுகை கிடையாது. இதை மேசையில் எழுதி ஒட்டியிருந்தோம், கூட்டத்தில் யார் படித்தார்கள்! புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. பான் எண் தராதவர்கள் தந்துவிடுங்கள். போன தடவை சிலருக்குச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமானது, தவறு எங்களுடையது.

கல்லூரிப் பிள்ளைகளை மறந்தால் பாவம் வந்து சேரும். 50 காசு அஞ்சலட்டையில் ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் கையால் எழுதினார்கள். பணம் கேட்டு ஒரு வரிகூட இல்லை. மழை பெய்ததா, தோப்பு எப்படி இருக்கிறது, உங்கள் மெத்தை இப்போது இந்த ஊரில் இருக்கிறது என்று மட்டும். வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று முதலில் நானே முணுமுணுத்தேன். விருந்தன்று அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். அடுத்த அட்டை கார்த்திகையில் வரும். அதிலும் பணம் கேட்க மாட்டோம்.

கணக்கு விவரம் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வந்து பாருங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

கடைசியாக, விருந்து முடிந்தபோது மிஞ்சியவை: மூடியில் ‘ஆர்.எம்.’ என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் அண்டா ஒன்று, நீலக் கைப்பிடி போட்ட குடை ஒன்று, இடது கால் செருப்பு ஒன்று. அண்டாவை யாரும் தேடாதது ஆச்சரியமாக இருக்கிறது. ஞாயிறு தவிர எந்த நாளும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
விருந்துக் குழுவுக்காக,
செயலாளர்