ரயில் ஏற்றிவிட்டவர்களுக்கு

அன்பானவர்களுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இந்த மாதத்தோடு எனக்கு ஏழு வருஷம் ஆகிறது. வீடு வீடாக வந்து கையைப் பிடித்துச் சொல்ல வேண்டிய நன்றி இது. உங்களில் பலருடைய விலாசம்கூட என்னிடம் இல்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு. கட்டியை முதலில் காட்டிய இடத்தில், வலி இல்லையே, பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் அப்படியே போனது. அப்புறம் பயாப்ஸியில் விஷயம் தெரிந்ததும், தெரிந்தவர் ஒருவர் ஆபரேஷனே வேண்டாம், உபவாசம் இருந்து ஜெபித்தால் போதும் என்றார். பயத்தில் இருந்தவளுக்கு அது இனிப்பாக இருந்தது. இரண்டு வாரம் அதையே பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஐயர் வீட்டுக்கு வந்தார். முழங்கால்படியிட்டு ஜெபித்தார். எழுந்ததும் சட்டைப் பையிலிருந்து இரண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். “ஜெபத்தை நாங்க பாத்துக்கிடுதோம். நீ ரயில் ஏறும்மா.”

ஐயா, இன்றைக்குப் புற்றுநோயாளிகளுக்குத் துணையாக நான் செய்வதெல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான்.

எழும்பூரில் இறங்கி, 23சி பஸ்ஸில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. டாக்டர் சாந்தா அம்மா அந்த வளாகத்திலேயே குடியிருந்து ஆயுசு முழுவதையும் அங்கே கொடுத்தார். 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது, எங்கள் ஜெபக்கூட்டத்தில் அவருக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்தினோம். அங்கே எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், நரம்பு கிடைக்காமல் தவித்த நாட்களில் கையை வெந்நீர் ஒத்தடத்தில் வைத்துப் பொறுமையாகத் தேடிய சிஸ்டர்களுக்கும் என் வணக்கம்.

பக்கத்துக் கட்டில் அக்காவை மறக்கவே முடியாது. கீமோவில் அந்தச் சிவப்பு மருந்து ஏற்றிய அன்று, சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று அலறிவிட்டேன். “அது மருந்தோட நிறம் கண்ணு, நாளைக்குச் சரியாயிரும். தண்ணி நெறையக் குடி” என்று சொம்பை நீட்டினார். அக்கா இப்போது இல்லை. அந்த மருந்து ஏற்றப்போகிற ஒவ்வொருவரிடமும் அதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அக்காவின் குரலில்தான் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றும்.

புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவருக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை என்று எனக்குச் சொன்னது டிக்கெட் வரிசையில் முன்னால் நின்ற ஒரு கல்லூரிப் பையன். ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் கையெழுத்துப் பெற வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்தான். தம்பி, நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. அந்தத் தாளைப் பார்த்து இதுவரை எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாமல் வருகிறவர்களுக்கு வருமானச் சான்று வாங்க அலைகிறபோது, மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உதவிய கிராம நிர்வாக அலுவலர்கள் உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று அந்தத் தாள் கையில் வந்தால்தான் பலருக்குச் சிகிச்சையே தொடங்கும். உங்களுக்கும் நன்றி ஐயா.

மேலப்பாளையம் தையல்கார ராத்தாவுக்கு எப்படிச் சொல்ல? மார்பை எடுத்த பிறகு கண்ணாடி பார்க்காமலே இருந்தேன். நீங்கள் கேட்காமலே பழைய பருத்திச் சேலையில் மார்பு இருந்த இடத்தில் வைக்க ஒரு பை தைத்து, பஞ்சுக்கு நடுவில் கேழ்வரகு வைத்து, மறுபக்கத்து மார்பின் எடைக்குச் சரியாக வரும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தீர்கள். நோன்பு நாள் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நிமிர்ந்து ஆராதனைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே படுத்து எழுந்த என் வீட்டுக்காரருக்கு இங்கே எழுதி மாளாது.

நாளை காலை இங்கே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தென்காசிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி வருகிறாள். ஆபரேஷன் முடிந்தவள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ விடாதே என்று சொல்ல வேண்டும். ராத்தா தைத்துக் கொடுத்த புதுப் பை இரண்டை மஞ்சப்பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
பாளையங்கோட்டை