மேனேஜர மாத்துனா மேட்ச் ஜெயிச்சிருமா?

க்யூர்பிப், மொரீஷியஸ்
ஜூன் 1, 2025

தம்பிக்கு,

நல்லா இருக்கியா? அம்மாவுக்கு கால் வலி பரவால்லையா? கோச்ச மாத்தி மாத்தியும் நம்ம மான் யூ, அதான் மான்செஸ்டர் யுனைடெட் புட்பால் டீம், ஏன் தோக்குதுன்னு போன்ல நீ கேட்டதுக்கு பதில் சொல்றதுக்குள்ள நெட் போயிருச்சு, இன்னிக்கு லீவு, அதான் ஒக்காந்து டைப் பண்றேன். அங்க அக்னி நட்சத்திரம் இப்பத்தான் முடிஞ்சிருக்கும், இங்க குளிர் ஆரம்பிச்சிருச்சு, ஊருக்கெல்லாம் டீசர்ட் தெச்சுப் போட்டுட்டு நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுட்டுத் திரியறேன். சாப்பாட்டுக்குக் கொறையில்லன்னு அம்மாகிட்ட சொல்லிரு. போன வாரம் கோயில்ல வாழ இலைல ஏழு கறி வச்சுப் போட்டாங்க, பரிமாறுனவங்க பேசுனது பூரா இந்த ஊரு க்ரியோல் பாஷ, ஆனா ரசம் நம்ம ரசந்தான்.

சரி, உன் மான் யூ கதைக்கு வர்றேன். போன மாசம் 21ஆம் தேதி டாட்டன்ஹாமோட ஆடுன யூரோப்பா லீக் பைனல் இங்க ராத்திரி 11 மணிக்கு, உனக்கு பன்னண்டரை இருக்கும். ரோட்டு முக்குல இருக்கற கடைலதான் பாத்தேன். இந்தத் தீவுல பாதிப் பேரு மான் யூ, மீதிப் பாதி லிவர்பூல், இந்த வருசம் லிவர்பூல் இங்கிலாந்து லீக் ஜெயிச்சு மொத்தக் கப்புல நமக்கு 20, அவங்களுக்கு 20ன்னு சமமாக்குனதுல இருந்து தெருவுல தல காட்ட முடியல. அன்னிக்கு டாட்டன்ஹாமுக்கு கை தட்டறதுக்குன்னே வந்து ஒக்காந்திருந்தானுங்க. 42ஆவது நிமிசம் டாட்டன்ஹாம் கோல் போட்டுச்சு, அதோட சரி, தோத்துட்டோம். எனக்குப் பக்கத்துல ஒரு தாத்தா, இந்த ஊருத் தமிழரு, அவருக்குத் தெரிஞ்ச தமிழே வணக்கம், கோயில், காவடி அவ்வளவுதான், ஸ்வெட்டருக்குள்ள செவப்பு ஜெர்சி போட்டிருந்தாரு. மேட்ச் முடிஞ்சு ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல. போன ஞாயித்துக்கெழம லீக்கும் முடிஞ்சுது, நம்மாளுங்க 15ஆவது எடம்!

"கோச் எல்லாம் வேஸ்ட்டுண்ணா"ன்னு சொன்னியே, அதத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். 2013ல நம்ம பழைய கோச் பெர்குசன் போனப்பறம் நிரந்தர கோச்சா வந்தவங்க மட்டும் ஆறு பேரு. அதுல மொரீனோ ஐரோப்பாவோட பெரிய கப்பான சாம்பியன்ஸ் லீக்க ரெண்டு தடவ ஜெயிச்சவரு, வான் கால் அயாக்ஸ் டீம வச்சு அதே கப்ப 1995லயே ஜெயிச்சவரு, மான் யூவோட ஓல்டு டிராபோர்டு ஸ்டேடியம் கேட்டுக்குள்ள கால வச்சதும் இவங்களுக்கு புட்பால் மறந்து போச்சா என்ன? பெர்குசன் வெறும் கோச் இல்லடா, 26 வருசம் வாங்கறது விக்கறது கண்டிக்கறது எல்லாமே அவருதான், அவரு போன அதே வருசம் ஆபீஸ்ல பேரம் பேசிட்டிருந்த டேவிட் கில்லும் போயிட்டாரு. அடுத்து அந்த சீட்டுக்கு வந்த உட்வர்டு பேங்க் ஆளு, ஸ்பான்சர் புடிக்கறதுல கில்லாடி. மொதலாளி கிளேசர் குடும்பம் 2005ல கடன் வாங்கி கிளப்ப வாங்கிட்டு அந்தக் கடனையும் கிளப் தலைலயே கட்டிருச்சு.

இது எனக்கு எப்படி புரிஞ்சுதுன்னா எங்க பனியன் கம்பெனி தையல் லைன வச்சுத்தான். நான் வந்து மூணு வருசத்துல நாலு சூப்பர்வைசர். மொத ஆளு வரிசையா மெஷின் போட்டாரு, ரெண்டாவது ஆளு வட்டமா போடுன்னாரு, மூணாவது ஆளு கழுத்துப் பட்டி தானா மடிஞ்சு வரணும்னு ஒரு போல்டர் மெஷின் வரவழைக்கச் சொன்னாரு. அது கப்பல்ல வந்து எறங்கறதுக்குள்ள அவரு போயிட்டாரு, நாலாவது ஆளு அதத் தொட்டுக்கூடப் பாக்கல. மூலைல கெடக்குது, அது மேல தான் நாங்க டிபன் பாக்ஸ் வைக்கறோம். மான் யூ வாங்குன ஆண்டனி கதையும் அதேதான். அப்ப கோச்சா இருந்த டென் ஹாக் கேட்டாருன்னு 8 கோடி பவுண்டுக்கு மேல குடுத்து வாங்குனாங்க, அவருக்கு அப்பறம் வந்த கோச் அமோரிம் ஆட வச்சது 3-4-3ங்கற வரிசை, அதுல அந்த மாதிரி ஓரத்துல ஓடற விங்கருக்கு எடமே இல்ல, ஸ்பெயின்ல இருக்கற பெட்டிஸ் டீமுக்கு அனுப்பிட்டாங்க, அங்க போய் ஜம்முன்னு ஆடி ஒரு ஐரோப்பா பைனல் வரைக்கும் போயிட்டான். டி மரியாவும் அப்படித்தான், 2014ல வந்து ஒரே வருசத்துல கெளம்புனான். ஒவ்வொரு கோச்சும் முந்துன ஆளு வாங்குன சாமான வச்சுத்தான் சமைக்கணும்.

பொறுமையாவது இருக்கான்னா அதுவும் இல்ல. பெர்குசனுக்கு அடுத்து வந்த மோயசுக்கு ஆறு வருச கான்ட்ராக்ட், பத்து மாசத்துல அனுப்பிட்டாங்க. வான் கால் 2016ல இங்கிலாந்தோட எப்ஏ கப் ஜெயிச்ச ரெண்டாவது நாள் வேலை போச்சு. டென் ஹாக் போன வருசம் மே மாசம் அதே கப் ஜெயிச்சாரு, ஜூலைல கான்ட்ராக்ட நீட்டுனாங்க, அக்டோபர்ல தொரத்திட்டாங்க, நீட்டுனதுக்கு நஷ்டஈடு வேற. ஆட்டக்காரங்கள வாங்கறத பாத்துக்கன்னு கூட்டிட்டு வந்த ஆஷ்வொர்த் இருந்தது அஞ்சே மாசம்.

இப்ப ராட்கிளிப்னு ஒரு பணக்காரரு கிளப்புல கால்வாசிப் பங்கு வாங்கிட்டு சிக்கனம் பண்றாராம், நூத்துக்கணக்குல ஆளக் கொறச்சு, ஸ்டேடியத்துல வேல பாக்கறவங்களுக்கு மத்தியான சோத்தையும் நிறுத்தி பழம் குடுக்கறாங்கன்னு செய்தி. ஆண்டனி காசுல எத்தன வருசம் சோறு போட்டிருக்கலாம்? இதப் படிச்சப்பத்தான் தம்பி எனக்கு தோத்தத விட வயிறெரிஞ்சுது.

நீ காதர்பேட்டைல வாங்குன அந்த ஜெர்சிய கழட்டிப் போட்டுராத, இங்க அந்தத் தாத்தாவே இன்னும் கழட்டல. அம்மாகிட்ட பணம் 7ஆம் தேதிக்குள்ள வந்துரும்னு சொல்லு. நாளைக்கு எங்க லைனுக்கு அஞ்சாவது சூப்பர்வைசர் வர்றாரு. எதுக்கும் இருக்கட்டும்னு நேத்து ஷிப்ட் முடிஞ்சப்பறம் டிபன் பாக்ஸ எல்லாம் எடுத்துட்டு அந்த போல்டர் மெஷின தொடச்சு எண்ண போட்டு வச்சிருக்கேன்.

அண்ணன்