"எல்லாம் உட்பட" என்றால் எதெல்லாம்? மட்டக்களப்பு, அம்பாறைப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், தம்பிமார், அக்காமாருக்கு,

வணக்கம். களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு மதிலில் உங்களில் ஒருவருடைய நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மாரி மழையில் நனைந்து பாதி உரிந்துவிட்டாலும் முக்கியமான வரி மட்டும் தப்பியிருக்கிறது: "தென்னிந்திய யாத்திரை, 9 நாள், எல்லாம் உட்பட 165,000 ரூபாய்." பக்கத்தில் ஒரு கோபுரம், கோபுரத்துக்கு மேலே ஒரு விமானம். கல்முனைப் பக்கம் போனால் அதே கோபுரமும் அதே விமானமும் வேறொரு மதிலில் இருக்கின்றன. அங்கே விலை பத்தாயிரம் கூட, "சொகுசு" என்ற சொல்லும் கூட. அந்தப் பத்தாயிரத்துக்கு என்ன கிடைக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை.

2024 மாசியில் நானும் அம்மாவும் இப்படி ஒரு குழுவோடு போய் வந்தோம். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. கூட வந்த தம்பி அம்மாவைக் கைபிடித்துத்தான் மலைக்கோட்டைப் படி ஏற்றினார். ஆனால் நாங்கள் கட்டிய 160,000இல் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போன வான் சேரவில்லை. விசா சேரவில்லை. ஊருக்கு ஊர் மாறுகிற நாளில் மத்தியானச் சாப்பாடு எங்கள் பாடு. சிறப்புத் தரிசன டிக்கெட், சாரதிக்கும் உதவியாளுக்கும் "சந்தோசம்", செருப்பு வைக்க, பை வைக்க என்று கையை விட்டுப் போனதையெல்லாம் பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தேன். சேலையும் பாத்திரமும் வாங்கிய காசைச் சேர்க்காமல் ஆளுக்கு 38,000 கூடுதலாகப் போயிருந்தது.

எனக்கு அது சமாளிக்கக்கூடிய காசு. எங்களோடு வந்த ஒரு பெரியம்மா சீட்டுக் காசு எடுத்து வந்தவர். ஐந்தாம் நாளிலிருந்து அவர் மத்தியானம் "பசிக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு வானிலேயே இருந்தார். எனக்கு அது விளங்க இரண்டு நாள் எடுத்தது. அதற்காகத்தான் இந்த மடல்.

நம்முடைய ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று உலகமெல்லாம் சொல்லும். விருந்தாளியிடம் கணக்குப் பேசாத சனம் நாங்கள். அதே கூச்சம் உங்கள் அலுவலகத்துக்கு வரும்போதும் கூடவே வருகிறது. "எதெது சேராது தம்பி?" என்று ஒரு வயதான மனிசி உங்கள் மேசைக்கு முன்னால் இருந்து கேட்கமாட்டார். கேட்டால் காசில்லாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். ஆகவே கேட்க முதலே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவுக்குப் போய்வர எவ்வளவு முடியும் என்றால் ஒற்றை இலக்கத்தில் பதில் சொல்ல முடியாது. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சியில் இறங்கி, மதுரை, இராமேஸ்வரம், தஞ்சாவூர், சிதம்பரம், மாமல்லபுரம் பார்த்துச் சென்னையில் விமானம் ஏறுவது. 8 இரவு, ஓர் அறையில் இரண்டு பேர். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நம்முடைய மூன்றரை ரூபாய். விசா தனி. பிழை இருந்தால் திருத்துங்கள், உங்களுக்குத்தான் அனுபவம் கூட.

என் தம்பியின் மகன் போகிற விதம் ஒன்று. கட்டுநாயக்காவுக்கு இரவு பஸ், இந்தியாவில் 1,200 இந்திய ரூபாய் லொட்ஜ், மெஸ் சாப்பாடு, அரசாங்க பஸ். விமானத்துக்கு 55,000, பஸ்ஸுக்குப் போகவர 5,000. இந்தியாவில் செலவழிப்பது ஆளுக்கு 11,500 இந்திய ரூபாய், அதாவது நம்முடைய 40,000. ஒரு லட்சத்தில் காரியம் முடிகிறது.

அடுத்தது என் வயதுக்காரர் போகிற விதம். நாலு பேர் சேர்ந்து ஓர் இன்னோவா, 2,400 இந்திய ரூபாய்க்கு ஏசி அறை, இருந்து சாப்பிடக்கூடிய நல்ல சைவக் கடை. இந்தியச் செலவு ஆளுக்கு 25,000 இந்திய ரூபாய் வரும். விமானம், கட்டுநாயக்கா வான் பங்கு எல்லாம் கூட்டினால் நம்முடைய 155,000. வெளிநாட்டிலிருந்து வருகிற மச்சாள் போகிற விதமும் ஒன்று இருக்கிறது: இரண்டு பேருக்குத் தனிக் கார், 7,000 இந்திய ரூபாய் அறை, மூன்று வேளையும் ஹொட்டேல் சாப்பாடு. அது மூன்று லட்சத்தைத் தாண்டும்.

இப்போது முதல் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். ஒரு லட்சத்தில் 60,000 இந்திய மண்ணை மிதிக்க முதலே போய்விட்டது. அங்கே நிற்கிற செலவு நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறுக்குள்தான். நடுக் கணக்கில் நாளுக்குப் பத்தாயிரத்துக்குக் கிட்ட வருகிறது, மச்சாளின் கணக்கில் இருபத்துநாலாயிரம். ஆகவே கையில் காசு குறைந்தவருக்குத்தான் நாளைக் கூட்டுவது மலிவு. இன்னும் நாலு நாள் நின்றால் அவருக்குக் கூடுவது 18,000. நீங்கள் செய்வதோ தலைகீழ். மலிவுப் பயணம் என்றால் நாளை வெட்டுகிறீர்கள். 5 நாளில் 11 கோயில். விடிய நாலு மணிக்கு எழுப்பி, இரவு பத்து மணிக்கு அறையில் விட்டு, சாமி முகம் நினைவில்லாமல் வான் சீட் மட்டும் நினைவில் நிற்கிற பயணம்.

மலிவு லொட்ஜில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாங்கள் தமிழ் பேசுகிறோம், சேலை கட்டியிருக்கிறோம், பார்த்தால் அந்த ஊர்ச் சனம்தான். பாஸ்போர்ட்டை நீட்டினால் வெளிநாட்டுக்காரர். வெளிநாட்டவரைத் தங்கவைக்கிற விடுதி தங்குகிறவரின் விபரப் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது இந்தியச் சட்டம். சின்ன லொட்ஜ்காரர் பலர் அந்த வேலைக்கு நிற்காமல் "ரூம் இல்லம்மா" என்று சொல்லிவிடுவார்கள். சென்னையில் ஒரு நாள் முந்தி இறங்கிய தம்பியின் மகன் இரவு பதினொரு மணிக்கு மூன்று வாசலில் இதைக் கேட்டிருக்கிறான். நாலாவது இடத்தில் 1,200 ரூபாய் அறை நினைத்துப் போனவன் 2,800 கொடுத்துப் படுத்தான். முதல் இரவு அறையை மட்டுமாவது இலங்கைப் பாஸ்போர்ட் எடுப்பார்களா என்று கேட்டு உறுதி செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இந்த ஒரு புத்திமதிக்கே உங்களுக்குக் காசு கொடுக்கலாம்.

அதே பாஸ்போர்ட் நமக்கு இலாபமும் தருகிறது. மாமல்லபுரத்தில் இந்தியர்களுக்கு டிக்கெட் 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆனால் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டுக்காரருக்கும் 40தான். கவுண்டரில் வாய் திறந்து சொல்ல வேண்டும், பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். எங்கள் குழுவில் சுவிஸ் பாஸ்போர்ட்டோடு வந்த மச்சாள் 600 கொடுத்தார். அன்று முழுக்க அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

இனி முழங்கால் விசயம். அம்மாவுக்கு அப்போது 71 வயது. இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடி, ஈரச் சேலையோடு வந்தவருக்குக் கொடுத்த அறை மூன்றாம் மாடியில். லிப்ட் இல்லை. குந்தியிருக்கிற கழிவறை. அறையில் ஏசி இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, நோட்டீஸில் போட்ட "சொகுசு" என்ற சொல்லுக்கு அவர்களிடம் ஆதாரமும் இருந்தது. அம்மாவுக்கு அந்த ஏசி தேவையே இல்லை, ஏறின உடனே நிறுத்தச் சொன்னார். ஒரு கமோடும் கீழ்த்தள அறையும் இருந்திருந்தால் அதே காசில் அவருக்கு அரண்மனை. எங்கள் பெத்தா (பாட்டி) அரிசியும் சீனியும் ஒரு முடிச்சில் கட்டிக்கொண்டு உகந்தை தாண்டிக் காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடந்தவர். ஆனால் பெத்தா நடந்தது நாற்பது வயதில். ஆகவே பதிவு செய்ய வருகிறவரிடம் எந்தப் பக்கேஜ் என்று கேட்க முதல் கூட வருகிறவருக்கு எத்தனை வயது, படி ஏறுவாரா, இரவில் எத்தனை தரம் எழும்புவார் என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் ஒரே தரத்தில் வாங்க வேண்டும் என்றும் இல்லை. சாப்பாட்டில் நான் மலிவுப் பக்கம்தான். கும்பகோணத்துப் பக்கம் ஒரு சின்னக் கடையில் வாழையிலையில் சாப்பிட்டதை எந்த ஹொட்டேலுக்கும் மாற்றிக் கொடுக்கமாட்டேன். அங்கே மிச்சம் பிடித்ததை இராமேஸ்வரத்து அறையில் போடுவேன். ரயிலும் அப்படித்தான். இரவுப் பயணத்துக்குச் சாதாரண படுக்கை வகுப்பை விட மூன்றடுக்கு ஏசி ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இளசுகளுக்குப் படுக்கை வகுப்பே போதும், அம்மாவுக்கு ஏசியில் கீழ்ப் படுக்கை கேட்டு எடுக்க வேண்டும். நாங்கள் போன காலத்தில் இராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ஓட்டம் நின்றிருந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாயிற்று, திரும்பவும் ஓடுகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். நீங்கள் ஆள் சேரட்டும் என்று கடைசிக் கிழமை வரை காத்திருப்பதால்தான் எங்கள் தலையில் வான் வாடகை விழுகிறது.

வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்களை ஏன் திருச்சியில் இறக்குகிறீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டவருக்குக் கொடி ஏறுகிறது. அந்தச் சனத்துக்கு நாகூர் பக்கத்து ஊர் மாதிரி. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கியது. இறங்கினால் நாகூரும் வேளாங்கண்ணியும் ஓட்டோ தூரம். எங்களுக்குக் காங்கேசன்துறை கொழும்புத் தூரத்துக்குக் குறையாது, வாடைக் காற்றில் கப்பல் நின்றுவிடவும் கூடும், அது உண்மை. இருந்தாலும் இப்படி ஒரு வழி இருக்கிறது என்றாவது சொல்லலாம்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். 24 பேருக்கு வான் பிடித்த பிறகு இரண்டு பேர் விலகினால் அந்த நட்டம் உங்களுக்கு. 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தபோது, டொலர் 200 என்று கணக்குப் போட்டு முற்பணம் வாங்கியவர்கள் மே மாதம் 350க்கு மேல் நின்று முழித்தார்கள். அப்போது கூடுதல் காசு கேட்டதற்காகச் சிலர் ஏச்சும் வாங்கினார்கள். மொத்தத்தில் எவ்வளவு இந்தியக் காசு, எவ்வளவு நம்முடைய காசு, எந்த வீதத்தில் என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்தச் சண்டையில் பாதி வந்திருக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த நோட்டீஸில் ஒரே பயணத்துக்கு மூன்று விலை போடுங்கள். ஒவ்வொரு விலைக்கும் அறை எப்படி, ஒரு வானில் எத்தனை பேர், எந்தெந்த வேளைச் சாப்பாடு என்று எழுதுங்கள். கணக்கு மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்கி அங்கேயே முடியட்டும், கட்டுநாயக்காவில் வேண்டாம். சேராதவற்றை அதே அளவு எழுத்தில் போடுங்கள். விசா, கடவுச்சீட்டு, சாரதி சந்தோசம், எல்லாம். கடவுச்சீட்டே இல்லாதவருக்குச் சாதாரண சேவைக்கு 10,000, ஒருநாள் சேவைக்கு 20,000 என்பது சின்னக் காசா? விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் தாருங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவு இலக்கம் இருந்தால் நோட்டீஸில் கோபுரப் படத்துக்குக் கீழே போடுங்கள். விமானப் படத்தைச் சின்னதாக்கினால் இடம் போதும்.

அம்மா இப்போது காசி என்று தொடங்கியிருக்கிறார். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிய, பங்குனியில் உங்களில் யாரோ ஒருவருடைய மேசைக்கு முன்னால் வந்து இருப்பேன். கையில் அந்தக் கொப்பி இருக்கும். அந்தப் பெரியம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நாளுக்கு எவ்வளவு, மத்தியானச் சாப்பாட்டோடு, என்பதுதான் என் முதல் கேள்வி.

இப்படிக்கு,
பெரியகல்லாற்றிலிருந்து ஓர் ஆசிரியை