‘இவளே குழந்தை’ என்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்வயதுத் தாய்மார்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இவர்களில் பலர் தாய்ப்பாலைச் சீக்கிரமே நிறுத்திவிடுவதற்குப் ‘பக்குவமின்மை’தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பிரசவ வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

16, 17 வயதில் பிள்ளை பெறும் நிலை யாருக்கும் வரக் கூடாது, சரி. ஆனால் பிறந்துவிட்டால் பால் வயதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. குழந்தை சப்பச் சப்ப ஊறும். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். பிறந்த குழந்தைக்கு அது போதும். ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிப்பதும் இயல்புதான். இது தெரியாமல், ‘இவளே குழந்தை, இவளுக்கு எங்கே பால் இருக்கப்போகிறது’ என்று அவள் காதுபடவே சொல்லிக்கொண்டு பால் பவுடரைக் கலக்குகிறார்கள். வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்பாது, சப்பாவிட்டால் சுரப்பு குறையும். நாலாம் நாள், ‘நான் அப்பவே சொன்னேனே’ என்பார்கள்.

ஒரு பெண்ணை மறக்க முடியாது. குழந்தை வீறிட்டு அழுகிறது, இவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். கட்டிலைச் சுற்றி அப்பா, அண்ணன், சித்தப்பா என்று ஒரு கூட்டம். “பாலே இல்லை சிஸ்டர்” என்றார் அவளுடைய அம்மா. எல்லோரையும் வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தால், சட்டையில் இரண்டு பக்கமும் ஈரம்! குழந்தையைக் காம்பை மட்டும் கவ்வவிடாமல், அதைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடிக்கக் காட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, குழந்தை குடிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு முந்தின நாள், பால் கொடுக்கும் முறையை நான் அவளுடைய அம்மாவுக்குத்தான் விளக்கியிருந்தேன், அவளுக்கு இல்லை. செவிலியர்கள் நாங்களும் அவளைக் குழந்தையாகத்தான் பார்த்தோம்.

வயதால் கவனிக்க வேண்டியது அவளுடைய எலும்பை. 18 வயது வரை பாலூட்டும் பெண்ணுக்கு நாளுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் தேவை, பெரியவர்களுக்கு 1,000. கட்டுரையில் இது இல்லை.

அப்புறம் பள்ளிக்கூடம். 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலைக்குப் போகும் தாய்க்குப் பாலூட்ட இடைவேளை வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை. மாணவி தொழிலாளி இல்லையே! பால் கட்டி மார்பு வலிக்க வலிக்க அவள் வகுப்பில் உட்கார வேண்டியதுதான். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிரிட்ஜ் இருந்தால் போதும். பீய்ச்சி எடுத்த பால் பிரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும்.

உங்கள் கட்டுரையில் மருத்துவர் பேசுகிறார், ஆசிரியை பேசுகிறார், பாட்டிகூடப் பேசுகிறார். பால் கொடுத்த பெண் ஒருத்திகூடப் பேசவில்லை. அடுத்த முறை பெயரை மறைத்தாவது அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்