நுவரெலியாவில் பயோடீசல் ஊற்றுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

“பயோடீசல் ஊற்றினால் பம்ப் போய்விடும்” என்ற பேச்சு ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து கராஜ்களில் அடிக்கடி அடிபடுகிறது. என்ஜினுக்கு எரிபொருளை அழுத்தி அனுப்பும் அந்தப் பம்ப் போவது உண்மைதான். ஆனால் கழற்றிப் பார்த்தால் பலர் ஊற்றியிருப்பது, எண்ணெயை வினைப்படுத்திச் செய்யும் பயோடீசலே அல்ல. பொரித்து மீந்த எண்ணெயைத் துணியில் வடித்து, மண்ணெண்ணெய் விட்டு இளக்கிய கலவை அது. 2022இல் டீசல் வரிசையில் நின்று அலுத்த நாட்களில் பிடித்துக்கொண்ட பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை. அந்தக் கலவை செய்கிற கேட்டுக்குப் பயோடீசல் பழி சுமக்கிறது. அதற்காகப் பயோடீசலில் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கொழும்பில் ஒழுங்காக ஓடும் அதே எரிபொருள் நுவரெலியாவில் விடியற்காலை வண்டியை நகரவிடாது.

முதலில் அந்தக் கலவையை முடித்துவிடுவோம். மீந்த எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு தடிப்பானது. எரிபொருளைத் தெளிக்கும் நொசிலில் புகையாகச் சிதறாமல் தாரையாக விழும். அரைகுறையாக எரிந்து நொசில் நுனியில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், எரியாத மிச்சம் கீழே இறங்கி என்ஜின் ஒயிலைக் கூழாக்கும். மண்ணெண்ணெய் விட்டால் தடிப்புக் குறையும், ஆனால் அதில் மசகு போதாது. டொயோட்டா டொல்பின் வேன்களின் 2எல், 3எல் என்ஜின்களிலும், பழைய கொரொல்லா, டவுன்ஏஸ் வண்டிகளின் 2சி என்ஜினிலும் இருப்பது ரோட்டரி பம்ப். அதற்குள் ஓடும் எரிபொருள்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெயில் ஓடவிட்டால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும்.

பயோடீசல் என்பது அதே எண்ணெயை மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்து வினைப்படுத்தி, அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்து, கழுவி, நீர் போக உலர்த்திய பொருள். அதன் தடிப்பு டீசலை நெருங்கி வரும், மசகு டீசலைவிட மேல். சொந்தமாகக் காய்ச்சுவோர் பெரும்பாலும் சறுக்குவது அளவில்தான். பாம் எண்ணெய்க்கு லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் மெதனோல் போதும் என்பதை அப்படியே தேங்காய் எண்ணெய்க்கும் போடுகிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு 250 வேண்டும். குறைந்தால் எண்ணெயில் ஒரு பகுதி மாறாமலே நிற்கும். கோஸ்டிக் சோடா, புது எண்ணெய் என்றால் லீற்றருக்கு 5 கிராம். மீந்த எண்ணெய் என்றால் அதன் அமிலத்தை அளந்து கூட்ட வேண்டும். ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் கோஸ்டிக் சோடாவைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பைல் அல்ககோலில் 1 மில்லிலீற்றர் எண்ணெயைக் கலந்து, நிறங்காட்டியான பினோல்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் கலையாமல் நின்றால் நிறுத்துங்கள். எத்தனை மில்லிலீற்றர் செலவானதோ அத்தனை கிராம், அந்த 5 கிராமுக்கு மேல். 5 மில்லிலீற்றரைத் தாண்டிய எண்ணெயை விட்டுவிடுவது நல்லது, சவர்க்காரம்தான் மிஞ்சும். காய்ச்சும் சூடு 55 பாகை. 65ஐ எட்டுமுன்பே மெதனோல் கொதித்துவிடும். அதன் ஆவி கண்ணைப் பறிக்கக்கூடிய நஞ்சு, அதன் தீச்சுவாலை பகலில் தெரியாது. சமையலறையிலோ லயன் வீட்டுக்குள்ளோ செய்யக்கூடாத வேலை இது.

வாங்கி ஊற்றுவோர் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பத் தேவையில்லை. கண்ணாடிப் போத்தலில் பாதி நீரும் பாதி பயோடீசலும் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் மேலே தெளிந்த மஞ்சள், கீழே நீர் எனத் தனித்தனியே நின்றால் சரி. நடுவில் தயிர்போல வெள்ளைத் திட்டு நின்றால் சவர்க்காரமோ மாறாத எண்ணெயோ இருக்கிறது. அதில் எது என்பதை அறிய 27 மில்லிலீற்றர் மெதனோலில் 3 மில்லிலீற்றர் பயோடீசலை விட்டுக் கலக்குங்கள். முழுதும் கரைந்தால் அந்தத் திட்டு சவர்க்காரம், அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் அது மாறாத எண்ணெய்.

இனி மலைநாட்டுக்கே உரிய சிக்கல். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்பதை இங்கே எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அதனால் தேங்காய் எண்ணெய்ப் பயோடீசலும் உறையும் என்று நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். தேங்காய் எண்ணெய் 24 பாகையில் உறையும், ஆனால் அதிலிருந்து செய்த பயோடீசல் பூச்சியப் பாகையை நெருங்கும்வரை தெளிவாகவே இருக்கும். பாம் எண்ணெய்ப் பயோடீசல் 13 முதல் 16 பாகைக்குள்ளேயே மங்கத் தொடங்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் 5 பாகைக்குக் கீழும் இறங்குகிறது, புல்லில் உறைபனி பிடிக்கிறது. பேக்கரி, ஹோட்டல்களில் மீந்து வருவதில் பாம் எண்ணெயும் இருக்கும், தேங்காய் எண்ணெயும் இருக்கும். ஆகவே நீங்கள் ஊற்றப்போகும் கலவையையே ஒரு போத்தலில் எடுத்து இரவு முற்றத்தில் வைத்து, விடியலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் மெழுகுத் துகள் சுழன்றால் அதே துகள்தான் பில்டர் தாளில் போய் அடைக்கும். கண்டியில் தாராளமாக ஓட்டலாம், நானுஓயாவுக்கு மேலே அது உதவாது.

நல்ல பயோடீசலானாலும் மேட்டில் நூற்றுக்கு 20க்கு மேல் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. 60 லீற்றர் தாங்கிக்கு 12 லீற்றர். டீசலைவிடக் கனமானது என்பதால் முதலில் டீசல் அடித்து அதன் மேல் பயோடீசலை விட்டால் தானாகக் கலந்துகொள்ளும். அந்த அளவில் இழுவைக் குறைவு ஓட்டுவோருக்குத் தெரியாது. 1868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்து கறுப்புப் புகை கக்கும் டர்போ இல்லாத என்ஜினில் புகை கொஞ்சம் குறையவும் செய்யும்.

இறப்பர்தான் அடுத்த செலவு. பழைய ஹோஸ், ஓரிங் எல்லாம் சாதாரண இறப்பர் அல்லது நைட்ரைல். பயோடீசல் அவற்றை ஊதவைத்து இளக்கும். நொசிலுக்கு மேலே ஓடும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ், பில்டரின் கைப்பம்ப், பம்பின் ஓரிங் எல்லாவற்றையும் பயோடீசலைத் தாங்கும் விட்டோன் இறப்பர் ரகத்துக்கு மாற்றுங்கள். இவற்றில் கைப்பம்பின் ஓரிங்கை யாரும் நினைப்பதில்லை. பம்பின் முன் சீலை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். டொயோட்டாவின் இந்த என்ஜின்களில் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். சீல் கசிந்தால் எரிபொருள் கவருக்குள் வழிந்து பெல்ட்டை ஊறவைக்கும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். ஒரு சீலில் மிச்சம் பிடித்த காசு என்ஜின் தலையோடு போகும். கவரின் அடியில் ஈரம் கண்டால் அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

ஏற்றத்தில் வண்டி திணறினால் எல்லோரும் உடனே பம்பைத்தான் கழற்றுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து அறிகுறியைப் பாருங்கள். பயோடீசல் பழைய தாங்கியின் அடிக்கசடைக் கரைத்துக் கிளப்பும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏறும்போது இழுவை விட்டு, சமதரையில் திரும்பக் கிடைத்தால் பில்டர் அழுக்கு. முதல் இரண்டு தாங்கி முடியுமட்டும் உபரி பில்டரும் கழற்றும் சாவியும் வண்டியிலேயே இருக்கட்டும். காலையில் மட்டும் திணறி, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் மெழுகு. அதற்குப் பில்டர் மாற்றிப் பயனில்லை, கலவையைக் குறைக்க வேண்டும். மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் சுற்றித்தான் பிடிக்கிறது என்றால் எங்கோ காற்று புகுந்து எரிபொருள் தாங்கிக்குப் பின்வாங்குகிறது. பில்டருக்கும் பம்புக்கும் நடுவே தெளிந்த ஹோஸ் துண்டொன்றைத் தற்காலிகமாகப் போட்டு ஸ்டார்ட் செய்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

பயோடீசல் ஈரத்தையும் இழுக்கும். மூடுபனி நாட்களில் பாதித் தாங்கியோடு இரவில் நிறுத்தாமல் நிரப்பி வையுங்கள், பில்டர் அடியிலுள்ள வடிகாலை வாரமொரு முறை திறந்து விடுங்கள். செம்பு, பித்தளை, நாகம் (துத்தநாகம்) பூசிய பீப்பாய் எதிலும் சேமிக்கக்கூடாது, கெட்டுவிடும். 3 மாதத்துக்கு மேல் வைக்கவும் வேண்டாம். பல வாரம் ஓடாமல் நிற்கப்போகும் வண்டிக்குத் தனி டீசல் விட்டு ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். என்ஜின் ஒயிலை 5000 கிலோமீற்றரில் மாற்றுவோர் 3000க்குக் கொண்டுவர வேண்டும். எரியாத பயோடீசல் சிலிண்டர் சுவர் வழியே ஒயிலில் சேரும், டீசல்போல ஆவியாகிப் போகாது. டிப்ஸ்டிக்கில் ஒயில் அளவு உயர்ந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பொனட்டில் சிந்தினால் உடனே துடையுங்கள், பெயின்ட் உரிந்துவிடும்.

இவை எல்லாம் பழைய பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே. மிக உயர்ந்த அழுத்தத்தில் எரிபொருளைத் தெளிக்கும் புதிய கொமன் ரெயில் என்ஜின் உள்ள வாகனங்களில் வீட்டில் காய்ச்சியது ஒரு துளியும் வேண்டாம்.

விற்பவர்களிடமும் பேக்கரி, ஹோட்டல் நடத்துவோரிடமும் கேட்பது ஒன்றுதான். தேங்காய் எண்ணெயையும் பாம் எண்ணெயையும் ஒரே பீப்பாயில் கொட்டாமல் வேறுவேறாக வையுங்கள். பயோடீசல் கானின் மேல் எந்த எண்ணெய், எந்தத் திகதியில் காய்ச்சியது, நீர்ச் சோதனை செய்ததா என்று மை அழியாமல் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்.