நறுக்கவா, சீவவா, அறுக்கவா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் "நல்ல கத்தி ஒன்று காட்டுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "எதற்கு?" என்று கேட்டால், "சமையலுக்குத்தான், வேறெதற்கு" என்று சிரிக்கிறார்கள். நாங்கள் கேட்பது அதுவல்ல. நறுக்குவது, சீவுவது, அறுப்பது, கொத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச் சொல் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கையின் அசைவு வேறு. கத்தியும் அதற்கேற்பத்தான் மாறுகிறது.

முதலில் நறுக்குவது. சமையலறையில் நடக்கும் வெட்டு வேலையில் பெரும்பகுதி இதுதான். இதற்கு 20 செ.மீ. அலகுள்ள செஃப் கத்தி ஒன்று போதும். அதன் வெட்டுவாய் முனையை நோக்கி வளைந்திருக்கும். முனையைப் பலகையில் ஊன்றியபடி கைப்பிடியை ஏற்றி இறக்கினால், வெங்காயமோ கீரையோ தானாகப் பொடியாகும். அலகு அகலமாக இருப்பதும் காரணத்தோடுதான்: பிடித்திருக்கும் விரல்கள் பலகையில் இடிக்காது. 20 செ.மீ. பெரிதாகத் தோன்றினால் சாந்தோக்கு என்ற ஜப்பானியக் கத்தியைப் பாருங்கள். 16 முதல் 18 செ.மீ. இருக்கும். ஆனால் அதன் வெட்டுவாய் கிட்டத்தட்ட நேர்கோடு, ஊஞ்சல் போல ஆட்டி நறுக்க வராது. மேலிருந்து கீழே இறக்கி வெட்டிப் பழகியவர்களுக்குத்தான் அது பிடிக்கும். எதை எடுத்தாலும் கைப்பிடியை மட்டும் பிடித்துப் பார்க்காதீர்கள். அலகின் அடிப்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். கத்தி கைக்கு அடங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

தோல் சீவுவது, காம்பு நீக்குவது, பூண்டு உரிப்பது எல்லாம் பலகை இல்லாமல் கையில் வைத்தே செய்யும் வேலைகள். 8 முதல் 10 செ.மீ. சின்னக் கத்தி வேண்டும். இதில் நிறையப் பணம் போட வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ரொட்டியை அறுக்கப் பல் வைத்த நீளக் கத்தி. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை என்று இருப்பதை அழுத்தினால் நசுங்கிவிடும். பற்கள் மேல்தோலைக் கவ்விக்கொள்வதால் முன்னும் பின்னும் இழுத்தாலே போதும். தக்காளிக்கும் இதே கணக்குதான். ஆனால் தக்காளிக்காகவே பல் கத்தி கேட்கிறீர்கள் என்றால், உங்கள் பெரிய கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். சாணை பிடித்த கத்தி தக்காளித் தோலில் வழுக்காது.

அசைவம் சமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அகலமான செவ்வகக் கத்திகள் எல்லாம் எலும்பு வெட்டுவதற்கு அல்ல. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டில், மெல்லியது காய்கறிக்கானது. எலும்பில் போட்டால் விளிம்பு தெறித்துவிடும். முதுகைத் தடவிப் பாருங்கள்: தடித்து, கனமாக இருப்பதுதான் எலும்புக்கு. எலும்பிலிருந்து சதையைப் பிரிக்க 15 செ.மீ. ஒட்டிய குறுகலான கத்தியும், மீன் துண்டம் எடுக்க வளைந்து கொடுக்கும் மெல்லிய கத்தியும் உண்டு. வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த வேலை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எஃகைப் பற்றி. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்த எஃகைத்தான் ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். எளிதில் துருப்பிடிக்காது. கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும், ஆனால் எலுமிச்சை வெட்டிவிட்டு அப்படியே வைத்தால் கறுக்கும், துருவும் பிடிக்கும். எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். ஐரோப்பிய பாணிக் கத்திகளுக்கு அது பெரும்பாலும் 56–58. ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். கடினம் கூடினால் கூர் அதிக நாள் நிற்கும், ஆனால் கீழே விழுந்தால் சில்லு போகும். வீட்டில் பல பேர் எடுத்துப் புழங்கும் கத்தி என்றால் ஐரோப்பிய வகையே நல்லது.

அப்புறம், பன்னிரண்டு கத்தி செட். நாங்களும் விற்கிறோம், மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் சாணைக்கு அந்த செட்டிலிருந்து எங்களிடம் திரும்பி வருவது பெரும்பாலும் ஒரே ஒரு கத்திதான். மற்றவை வாங்கிய பளபளப்போடு வீட்டில் தூங்குகின்றன. பெரியது ஒன்று, சின்னது ஒன்று, பல் வைத்தது ஒன்று. இந்த மூன்றை வைத்து ஆறு மாதம் சமைத்துவிட்டு, எது இல்லாமல் கை தவிக்கிறதோ அதை வாங்க வாருங்கள்.

வாங்கிய பிறகு கண்ணாடி, கிரானைட் பலகைகளில் வெட்டாதீர்கள். மரமோ பிளாஸ்டிக்கோ போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட வேண்டாம். நீளமான எஃகுக் கம்பியில் தேய்ப்பது மடங்கிய விளிம்பை நிமிர்த்த மட்டுமே. மழுங்கிய கத்திக்குச் சாணைக்கல்தான் வேண்டும், வீட்டுக்கு 1000 எண் கல் போதும் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண் அது).

புதுக் கத்தி வாங்க வரும்போது பழையதையும் எடுத்து வாருங்கள். சாணை பிடித்தாலே சரியாகிவிடும் என்றால் அதையே சொல்லி அனுப்புவோம். வழியில் யார் கையையும் கிழிக்காமல் இருக்க, தடித்த அட்டையில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கத்திக் கடையினர்