கட்டைவிரல் அடிமுறிவுக்குத் தனி எக்ஸ்ரே கோரி மனு

அனுப்புநர்: கைச் சிகிச்சைப் பிரிவு இயன்முறை மருத்துவர்

பெறுநர்: மருத்துவப் பணிகள் இயக்குநர் அவர்கள்

பொருள்: கட்டைவிரல் அடிமூட்டு முறிவுகளை உரிய காலத்தில் கண்டறிய ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் மூட்டில் ஏற்படும் முறிவுகள் சில நேரம் 'சுளுக்கு' எனக் குறிக்கப்பட்டு, அடிபட்டவர்கள் கட்டுத்துணியோடும் வலி மாத்திரையோடும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் சிலர், பூட்டில் சாவியைத் திருப்பவும் வலுவில்லாத கையோடு, மாதங்கள் கடந்தபின் எங்களிடம் வருகிறார்கள். அந்த நிலையில் பயிற்சியால் மட்டும் நாங்கள் மீட்டுத் தரக்கூடியது குறைவே.

கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் தளத்தில் அமையாமல் திரும்பி நிற்பதால், வழக்கமான கை எக்ஸ்ரேயில் அதன் அடிமூட்டு சாய்வாகவே விழுகிறது. சிறு முறிவு அதில் மறைந்துபோகலாம். முன்கையை முழுவதும் உட்புறமாகத் திருப்பி, கட்டைவிரலின் முதுகுப்புறம் தகட்டில் படியும்படி வைத்து எடுக்கும் ராபர்ட் கோணப் படமும், கட்டைவிரலுக்கே உரிய பக்கவாட்டுப் படமும் அம்மூட்டைத் தெளிவாகக் காட்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

டப்ளின் அறுவை மருத்துவர் எட்வர்ட் பென்னட் 1882இல் விவரித்த முறிவில், உடைந்த சிறு துண்டு தசைநாரின் பிடியில் அதே இடத்தில் நிற்க, எஞ்சிய எலும்பைக் கட்டைவிரலை விரிக்கும் நீள்தசை மணிக்கட்டை நோக்கி இழுத்துவிடுகிறது. இந்த இழுப்பு ஓயாததால்தான், எலும்பைச் சரியாகப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டாலும் உள்ளே மீண்டும் விலகிவிடுகிறது. பெரும்பாலும் கம்பியோ திருகோ கொண்டு நிறுத்த வேண்டியிருக்கிறது. மூட்டுப் பரப்பு பல துண்டாகும் ரோலாண்டோ முறிவு இன்னும் கடினமானது. ஆனால் எல்லா அடிமுறிவுக்கும் அறுவை வேண்டும் என்பது எங்கள் வாதமன்று. மூட்டுக்குள் நுழையாத முறிவு, கோணல் ஏறத்தாழ 30 பாகைக்குள் இருந்தால், கட்டைவிரலையும் சேர்த்துப் போடும் மாவுக்கட்டில் 4 முதல் 6 வாரங்களில் பொதுவாகக் கூடிவிடும். எது எந்த வகை என்பதை முதல் நாளிலேயே பிரித்தறிவதுதான் முக்கியம்.

ஆகவே, கட்டைவிரல் அடியில் வீக்கமோ தொட்டால் வலியோ உள்ள அனைவருக்கும் மேற்கண்ட தனிப் படங்களை எடுக்கவும், மூட்டுக்குள் முறிவு தெரிந்தால் எலும்பு முறிவு மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்பவும், மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு ஒரு வாரத்தில் மறுபடம் எடுக்கவும் விபத்துப் பிரிவுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)